கிறீஸ் பூதம் எங்கே ஓடி ஒளிந்தது?

2011 ஆகஸ்ட் மாதம் எங்களில் சிலர் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். சிலர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயசு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் லயத்தில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அந்த மாதம் இன்னும் ஞாபகம் இருக்கு. பொழுது சாய்ந்ததும் காம்பராக் கதவைச் சாத்தி, பின்னால் மேசையை நகர்த்தி வைப்பார்கள். ஆம்பளைங்க கம்பும் கவ்வாத்துக் கத்தியும் டோர்ச் லைட்டுமாக லயத்து முனையில் முறை போட்டுக் காவல் நின்றார்கள். கக்கூசுக்குப் போகவே மூணு பொம்பளைங்க சேர்ந்துதான் போகணும்.

"கிறீஸ் பூதம் வந்துருச்சாம்!"

கிறீஸ் பூதம் இலங்கைக்குப் புதுசு இல்லை. சிங்களத்தில் கிறீஸ் யக்கா என்பார்கள். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓட வசதியாக, உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் திருடன் அவன். ஆனால் 2011இல் வந்தவன் எதையும் திருடவில்லை. தனியாக இருக்கும் பெண்களைத் தாக்கினான், நகத்தால் கீறினான் என்றார்கள். கூரை விட்டுக் கூரை தாவுவான், சப்பாத்தில் ஸ்பிரிங் இருக்கு, கையில் இரும்பு நகம் இருக்கு என்று நாங்கள் கேட்ட கதைகளில் பாதி மனுசன், பாதி வேற்றுக்கிரகவாசி. பேப்பர்காரர்கள் 'மர்ம மனிதன்' என்று பெயர் வைத்தார்கள்.

பயத்துக்கு நிஜமான காரணமும் இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தையில் 2008 முதல் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தியோடு வதந்தியும் சேர்ந்துகொண்டது. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பகுதியில், தேயிலை மலையில், பூதம் என்று சந்தேகப்பட்டு இரண்டு ஆண்களை ஊர்க் கூட்டம் வெட்டிக் கொன்றது. அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் நாடு முழுவதும் குறைந்தது ஐந்து பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன.

இதில் விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. பல ஊர்களில் கதை ஒரே மாதிரி முடிந்தது: "துரத்திக்கிட்டுப் போனோம், காம்புக்குள்ள ஓடிட்டான்." கிண்ணியாவில் சந்தேக நபர் கடற்படை முகாமுக்குள் நுழைந்துவிட்டார் என்று சொல்லி மக்கள் முகாமைச் சூழ்ந்தார்கள், மோதல் வெடித்தது. புத்தளத்தில் இதே போன்ற கலவரத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இராணுவம் இரவில் வீடுகளுக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்து அடித்தது. அரசாங்கமோ, பூதமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் வதந்தி, முகாம்களைத் தாக்கினால் சும்மா விடமாட்டோம் என்றது.

முகாமும் மர்மமும் சேர்ந்து வரும் கதை நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. 1947 ஜூலை 8ஆம் தேதி, அமெரிக்காவின் ரொஸ்வெல் விமானப்படைத் தளம் 'பறக்கும் தட்டு' ஒன்று கிடைத்ததாக அறிவித்தது. உடனேயே, அது வானிலை பலூன்தான் என்று மாற்றிச் சொன்னது. 1994இல்தான் அமெரிக்க விமானப்படை உண்மையை ஒத்துக்கொண்டது: சோவியத்தின் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கப் பறக்கவிட்ட இரகசிய பலூன் அது. அந்த 47 வருச மௌனத்தில் வேற்றுக்கிரகவாசிகள் நன்றாகவே குடியேறிவிட்டார்கள்.

1980 டிசம்பரில் இங்கிலாந்தின் ரென்டில்ஷம் காட்டில் இன்னொன்று நடந்தது. பக்கத்துத் தளத்தில் இருந்த அமெரிக்க விமானப்படையினர் காட்டுக்குள் விசித்திர வெளிச்சம் இறங்கியதைப் பார்த்தோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்துத் துணைத் தளபதி சார்ள்ஸ் ஹோல்ட் டேப் ரெக்கோடரோடு காட்டுக்குள் போய், பார்த்ததைப் பதிவு செய்தார். எரிகல், பக்கத்துக் கடற்கரைக் கலங்கரை விளக்கு, நட்சத்திரங்கள் என்று ஆராய்ந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். இன்றைக்கு அந்தக் காட்டில் பறக்கும் தட்டுச் சிற்பமும் அதைப் பார்க்க நடைபாதையும் இருக்கு.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் இங்கேதான். பயிற்சி பெற்ற படைவீரர்களே இருட்டில் வெளிச்சத்தைப் பார்த்துக் குழம்பினார்கள். அவர்களை யாரும் காட்டான் என்று சொல்லவில்லை. அவர்களுடைய கதை அருங்காட்சியகமாகவும் சுற்றுலாவாகவும் ஆனது. நம்ம கதையோ பிணமாகவும் பொலிஸ் கேஸாகவும் ஆனது. கொழும்பில் சிலர், "தோட்டத்து ஆளுங்கதானே, படிப்பறிவு இல்லை, எதையும் நம்புவாங்க" என்று சிரித்தார்கள்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நாமும் சொல்கிறோம். பழமொழி அரண்டவனைக் கேலி செய்துவிட்டுப் போய்விடுகிறது. வரலாறு படிக்கிறவங்க அங்கே நிற்கக் கூடாது. அரளவைத்தது யார்? இருட்டாக வைத்திருந்தது யார்?

இருட்டு என்பது இங்கே உவமை இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, தள்ளி இருக்கும் பொதுக் கக்கூசு, வெளிச்சம் இல்லாத பாதை: வெள்ளைக்காரத் துரை காலத்து லயத்தின் அமைப்பு அது. இரவில் வெளியே போகும் ஒரு பெண்ணுக்குப் பூதம் தேவையே இல்லை, பயப்பட அந்தப் பாதையே போதும்.

அரண்டதற்கும் வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1977, 1981, 1983 கலவரங்களில் லயங்கள் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸ் காவல் இருக்கும்போதே, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகளைக் கூட்டம் கொன்றது. 2005இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கின் கடைசிக் குற்றவாளிகளையும் விடுதலை செய்தது. அந்த இடம் ஹல்துமுல்லையில் இருந்து தூரம் இல்லை. இதையெல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த ஒரு சனத்திடம் போய் "பொலிஸை நம்புங்க, காம்பில யாரும் இல்லை" என்றால் எப்படி நம்பும்?

ஆனா இதைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பிக்க முடியாது. பூதத்தை ஆமிதான் அனுப்பியது என்று எங்கள் லயத்தில் எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஹல்துமுல்லையில் செத்தவர்கள் இருவரும் மனுசங்க என்பது மட்டும் நிரூபணமான விஷயம். முகாமுக்குள் போக முடியாத கோபம், கைக்கு அகப்பட்ட அந்நியன் மேல் இறங்கியது. கவ்வாத்துக் கத்தி நம்ம கையில்தான் இருந்தது. 83இல் கூட்டத்துக்குப் பயந்து தேயிலைக்குள் ஒளிந்த சனத்தின் பிள்ளைகள், 2011இல் தாங்களே கூட்டமாக நின்றார்கள். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கு. சொல்லாமல் விட்டால் ரொஸ்வெல் பலூன் மாதிரி அந்த இடத்திலும் ஒரு பூதம் குடியேறிவிடும்.

செப்டம்பர் வந்தபோது பூதம் வந்த மாதிரியே போய்விட்டது. மேசை பழைய இடத்துக்குப் போனது. அம்மாமார் விடியக்காலை பெரட்டுக்குக் கிளம்பினார்கள். கக்கூசுக்குப் போகும் பாதையில் மட்டும் அப்போதும் லைட் போடவில்லை.