திரைக்கு இப்பால் அமர்ந்தவர்: தமிழகத்தில் தொலைவழி உளநலச் சேவை

மனச்சோர்வு உள்ளிட்ட நிலைகளுக்கு இணையவழிச் சிகிச்சை நேர்முகச் சிகிச்சைக்கு நிகராகுமா என்னும் வினாவை 20 ஆய்வுகளைக் கொண்டு ஆராய்ந்த கார்ல்பிரிங் குழுவினர், இரண்டின் பயனும் ஏறத்தாழ ஒன்றே என 2018இல் முடிவுரைத்தனர். அவ்வாய்வுகளில் பங்கேற்றோர் இவ்விரு வழிகளில் எதற்கும் ஒதுக்கப்படக்கூடியவர்கள். அதாவது இரு கதவுகளும் அவர்களுக்குத் திறந்திருந்தன.

தமிழகக் கடற்கரையின் நிலை வேறு. புதுப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தையும் தெற்கே நாகப்பட்டினத்தையும் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தனர். இதனை எதிர்கொள்ளவே சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2005இல் காணொளிவழி ஆலோசனையைத் தொடங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது பேருந்தாக உருப்பெற்றது. நோயாளர் பேருந்துக்குள் அமர்வார். மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் தோன்றுவார். மருந்து அங்கேயே வழங்கப்படும். உள்ளூர்ப் பணியாளர்களும் இச்சேவையின் அங்கமாயினர்.

இது கடும் மனநோய்களுக்கான சேவை; மனச்சோர்வுக்கான உரையாடற் சிகிச்சை அன்று. ஆதலின் கார்ல்பிரிங் குழுவினரின் முடிவை இதன்மேல் ஏற்றுவது பிழை. ஆயினும் மருத்துவர் தொலைவிலும் பணியாளர் அருகிலும் இருந்த இவ்வமைப்பை ‘இணையவழி’ என்பதா, ‘நேர்முகம்’ என்பதா? கோவாவில் மருத்துவரல்லாத ஆலோசகர்கள் மனச்சோர்வுற்றோரை நேரில் சந்தித்து அளித்த சிகிச்சை பயன் தந்ததை, 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் காட்டியது. அருகிருக்கும் பணியாளரின் பங்கை இவ்விடத்தில் எளிதிற் புறக்கணிக்க இயலாது.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் அழைக்கலாம். அழைப்பவரின் அருகில் அத்தகைய பணியாளர் இருப்பதும் இல்லாததும் விளைவை மாற்றுகின்றனவா என்பதே இங்கு ஒப்பிட்டு ஆராயத்தக்கது.