தறி வீட்டு கம்ப்யூட்டருக்கு வைஃபை... டாங்கிள் வாங்கும் முன் இதைப் படிங்க!

உங்க மொபைல்ல ரீல்ஸ் தடையில்லாம ஓடுது. அதே வீடு, அதே ரௌட்டர்தான். ஆனா, பின்னறையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் மட்டும் நெட் இல்லை. 'போனில் பார்த்துக்கலாம்'னு பலரும் அதை அப்படியே விட்டுடுறாங்க. காஞ்சிபுரத்தில், வீட்டிலேயே தறி இருக்கும் குடும்பம் என்றால் அப்படி விட முடியாது. காரணம் இருக்கு.

பட்டுப்புடவையின் பார்டருக்கும் முந்திக்குமான டிசைனை ஒரு காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கையால் வரைந்தார்கள். இப்போது அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதை வைத்து ஜக்கார்டுக்கான அட்டை குத்துகிறார்கள். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறி என்றால் அட்டையே வேண்டாம். அந்த ஃபைலே போதும். எப்படிப் பார்த்தாலும், திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தறியில் ஓர் இழை ஏறணுமா, இறங்கணுமா என்பதற்கான உத்தரவு.

இந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் என்ன ஆகும்? வாட்ஸ்அப் அதைச் சுருக்கும், அளவைக் குறைக்கும். இரண்டே நிறம் இருந்த இடத்தில் நடுவே மங்கலாகப் பல நிறங்கள் முளைக்கும். கண்ணுக்கு அன்னம் அன்னமாகத்தான் தெரியும். ஆனால் புள்ளிக் கணக்கு போச்சு. டாக்குமென்ட்டாக அனுப்பினால் இந்தப் பிரச்னை இல்லை. இருந்தாலும், போனில் வாங்கி, கேபிள் போட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றி, எது கடைசி வெர்ஷன் என்று தேடுவதைவிட, கம்ப்யூட்டருக்கே நெட் கொடுத்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு நேர்மையான யோசனை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ரௌட்டர் இருந்தால் டாங்கிள் வாங்காதீங்க. ஒரு லேன் கேபிள் போதும். வேகமும் அதிகம், டிரைவர் தலைவலியும் குறைவு. ஆனா, நம்ம ஊர் பழைய நெசவு வீடுகளின் அமைப்பு வேற. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஃபைபர் இறங்குவது தெருப்பக்கம், கம்ப்யூட்டர் இருப்பது பின்பக்கம், நடுவில் தறி. குழித்தறியில் நெய்பவரின் கால் பள்ளத்துக்குள் மிதியில் இருக்கும். அந்தப் பக்கம் தரையில் கேபிள் இழுத்தால் தினமும் யாராவது தடுக்குவாங்க. மேலே கொண்டுபோனால் ஜக்கார்டும் அதன் கயிறுகளும். இந்த மாதிரி வீட்டுக்குத்தான் வைஃபை அடாப்டர் உண்மையிலேயே தேவை.

பழைய அரசு லேப்டாப்பா? இதை முதலில் பாருங்க

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். (அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதைச் சொல்லத் தேவையில்லை!) அக்கா, அண்ணன் ப்ளஸ் டூ-வில் வாங்கிய அந்த லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்து, 'வைஃபை செத்துடுச்சு' என்று ஓரமாகக் கிடந்தால், உடனே முடிவு கட்டாதீங்க. கீபோர்டின் மேல்வரிசையில் ஆன்டெனா படம் போட்ட கீ இருக்கும். அதை எஃப்என் கீயுடன் சேர்த்து அழுத்திப் பாருங்க. சில மாடல்களில் பக்கவாட்டில் குட்டி சுவிட்சே இருக்கும். ஏரோப்ளேன் மோடு ஆனில் இருக்கான்னும் பார்த்துடுங்க.

அப்படியும் வரலைன்னா, உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவதைவிட யூஎஸ்பி டாங்கிள் சுலபம். சில லேப்டாப்கள் தங்களுக்குத் தெரிந்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாது.

பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பலாமா?

டாங்கிள் அட்டையில் 'ஏசி 600' என்று போட்டிருக்கும். 600 எம்பிபிஎஸ் வரும்னு நினைச்சுடாதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433. இரண்டையும் கூட்டி, கொஞ்சம் மேலே தூக்கி எழுதியதுதான் 600. ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இணைய முடியும். அந்த 433-ம் ஏட்டுச் சுரைக்காய்தான். கைக்குக் கிடைப்பது பாதியோ, அதற்கும் குறைவோ.

விலை குறைந்த 'நானோ' டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். உங்க ரௌட்டர் காட்டும் இரண்டு பெயர்களில், பின்னால் '5ஜி' என்று முடிவது இந்த டாங்கிளில் தெரியவே தெரியாது. டாங்கிளில் கோளாறு இல்லை, அதற்கு அந்த அலைவரிசை கேட்காது, அவ்வளவுதான். (இந்த '5ஜி'க்கும் மொபைல் 5ஜி-க்கும் எந்த உறவும் இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ்.)

அப்போ எது வாங்கலாம்? பழைய வீட்டின் கனமான செங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டத் திணறும், 2.4 ஓரளவு தாண்டும். ஆனா, சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் எல்லா வீட்டு ரௌட்டரும் 2.4-ல் கூச்சல் போடும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அதனால் இரண்டும் உள்ள டூயல் பேண்ட் டாங்கிளே என் சாய்ஸ். குட்டி நகம் சைஸில் இருப்பதைவிட, வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் அழகில் சுமார்தான். ஆனா, வேலையில் கில்லாடி.

டெஸ்க்டாப்பைத் திறக்கத் தயக்கம் இல்லாதவர்கள் பிசிஐஇ கார்டு போடலாம். அதில் ப்ளூடூத்தும் வேண்டுமென்றால், கார்டோடு வரும் சின்ன யூஎஸ்பி ஒயரை மதர்போர்டில் செருக மறக்காதீங்க. அதை விட்டுட்டா வைஃபை மட்டும்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, கம்பெனி பெயரைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சிப். டிபி-லிங்க்கின் 'டிஎல்-டபிள்யூஎன் 722என்' இதற்குப் பிரபலமான உதாரணம். முதல் வெர்ஷனில் அதெராஸ் சிப்; இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக். பெட்டியில் மாடல் பெயர் ஒன்றேதான்! விண்டோஸில் பெரிய வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் இரவு பகல் வித்தியாசம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், ஸ்டிக்கரில் 'வி1', 'வி2' என்று இருப்பதைப் பாருங்க.

நெட் வந்தாதான் டிரைவர்... டிரைவர் வந்தாதான் நெட்!

'பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும்'னு ஒரு சொலவடை உண்டே, அந்தக் கதைதான். டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால் டிரைவரை இறக்கணும்; இறக்க நெட் வேணும். கூட வரும் குட்டி சிடியைப் போட உங்க கம்ப்யூட்டரில் டிரைவும் இருக்காது.

இங்கேதான் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் உதவும். சார்ஜர் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் இணைச்சு, செட்டிங்ஸில் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' போய், 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு அது லேன் கேபிள் செருகியது போலத்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் அந்த ஆப்ஷன் மங்கலாகவே இருக்கும், கேபிளை மாற்றுங்க. ஐபோன் என்றால் ஆப்பிளின் மென்பொருள் கம்ப்யூட்டரில் இருக்கணும் என்பதால் இந்த நேரத்துக்கு ஆண்ட்ராய்டே வசதி.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் மொபைல் டேட்டாவே தேவைப்படாது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால், டெதரிங்கில் அந்த வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கடத்திவிடும். அதாவது, போனே வைஃபை அடாப்டர்! டாங்கிள் வரும்வரை அவசரத்துக்கு இப்படியே ஓட்டலாம். மொபைல் டேட்டாவில்தான் என்றால், விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிடுங்க. இல்லைன்னா அப்டேட் என்ற பெயரில் அன்றைய டேட்டா மொத்தமும் காலி.

நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்க. பாதி நேரம் டிரைவர் அங்கேயே கிடைச்சுடும். கிடைக்கலைன்னா 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, மஞ்சள் முக்கோணம் போட்ட பெயரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி. தயாரித்தவருக்கு நான்கு எழுத்து, பொருளுக்கு நான்கு எழுத்து என்று ஒரு குறியீடு தெரியும். அதுதான் சிப்பின் ஆதார் கார்டு. அதை வைத்துத் தேடினால் எந்த சிப் என்று தெரியும். பிறகு அந்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் டிரைவரை இறக்குங்க. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறோம்' என்று வரும் விளம்பரங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

சில ரியல்டெக் டாங்கிள்கள் ஒரு வேடிக்கை பண்ணும். செருகியதும் நெட்வொர்க் கருவியாகத் தெரியாமல் சிடி டிரைவ் மாதிரி தெரியும். பயப்படாதீங்க, டிரைவரை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 'திஸ் பிசி'யில் திறந்து செட்-அப்பை ஓட்டினால் சிடி மறைந்து வைஃபை முளைக்கும்.

அரசு லேப்டாப்பில் கூடவே வந்த பாஸ் லினக்ஸ் (சிடாக் உருவாக்கியது) இன்னும் இருந்தால், அந்தப் பழைய வெர்ஷனோடு புது டாங்கிளைச் சேர்க்கப் போராட வேண்டாம். புது உபுன்டு போன்ற ஒன்றை ஏற்றுங்க. மீடியாடெக் 7601, 7921 சிப்கள் அதில் செருகியதும் பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டதால், பழைய மெஷினுக்கு லினக்ஸ் யோசிக்க வேண்டிய வழிதான்.

எங்கே செருகுறீங்க?

விலை உயர்ந்த டாங்கிள் வாங்கியும் சிக்னல் ஒரு கோடுதான் வருதுன்னா, இடத்தை மாற்றுங்க. டெஸ்க்டாப்பின் பின்பக்கம் செருகினால் முன்னால் இரும்பு கேபினட், பின்னால் சுவர். நடுவில் மாட்டிக்கொண்ட டாங்கிளுக்கு எப்படி சிக்னல் கிடைக்கும்? ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜைக்கு மேலே, ரௌட்டர் இருக்கும் திசையில் வையுங்க. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்க.

நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். 2012-லேயே இன்டெல் இதை அளந்து எழுதியிருக்கிறது. டாங்கிளை அதற்குப் பக்கத்தில் வைக்காதீங்க. நடுவில் ஸ்டீல் பீரோ இருந்தாலும் தகராறுதான். உள்ளே இருக்கும் ஜரிகைப் புடவையால் இல்லை, பீரோவின் தகட்டால்!

சிறிது நேரம் சும்மா விட்டால் இணைப்பு அறுந்துபோகிறதா? டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், கரன்ட் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்க. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய அடாப்டர் இணைய மறுத்தால், ரௌட்டர் 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கிறதா பாருங்க. 2-ம் 3-ம் கலந்த மோடுக்கு மாற்றினால் வரும்.

கடைசியாக, இணைந்ததும் விண்டோஸில் அந்த இணைப்பு 'பப்ளிக்'கா 'பிரைவேட்'டா என்று பாருங்க. பக்கத்துப் போர்ஷன்காரர்களோடு ஒரே ரௌட்டரைப் பகிர்கிறீர்கள் என்றால் பப்ளிக். முகூர்த்த சீசனுக்கு வரைந்து வைத்த முந்தி டிசைன், தறியில் ஏறுவதற்கு முன்பே இன்னொருவர் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டாமே! ஷேர் செய்த ஃபோல்டர் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்றும் அப்போதே பார்த்து மூடிவிடுங்க.