விடுபடல் அச்சம்

தாம் இல்லாத இடத்தில் பிறர் இனியதோர் அநுபவத்தைப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்னும் எண்ணத்தால் உள்ளத்தில் எழும் அமைதியின்மையும், அவர்கள் செய்வதை ஓயாது அறிந்துகொண்டே இருக்கவேண்டும் என்னும் வேட்கையும் சேர்ந்ததே விடுபடல் அச்சம். சமூக ஊடகங்களின் மிதமிஞ்சிய உபயோகத்தோடு இணைத்து இஃது இப்பொழுது ஆராயப்படுகிறதாயினும், ஊடகமே இவ்வச்சத்தைப் படைத்தது என்பது பொருந்தாது.

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள விசைத்தறி ஊராகிய ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஆடிக்கிருத்திகைக்கு ஊரார் புஷ்பக் காவடியோடு தணிகைமலைக்குப் புறப்படுகையில், பாவு தீராமையால் தறியடியில் தங்கிவிட்டவருக்கு முற்காலத்திலும் ஏக்கம் இருந்தே இருக்கும். ஆனால் போனவர்கள் விபூதிப் பிரசாதத்தோடு திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து விசேஷங்களைச் சொல்லி முடித்ததும் அவ்வேக்கம் ஒருவாறு அடங்கிவிடும். இன்றோ சரவணப் பொய்கையில் முழுகுவது முதல் மலைப்படி ஏறுவது வரையில் எல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸாகவும் ரீல்ஸாகவும் வந்துகொண்டிருக்க, இழை அறுந்ததையும் கவனியாமல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு விழா முடிவதே இல்லை. கிருத்திகை போனால் யாரோ ஒருவருடைய கல்யாணம், யாரோ ஒருவருடைய புதுவண்டி.

ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் அவருடன் உழைத்த உளவியலாளரும் 2013இல் இவ்வச்சத்தை அளக்க 10 வாசகங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். தன் திறமையில் நம்பிக்கை, தன்னிச்சையாக நடக்கும் சுதந்திரம், பிறரோடு நெருக்கம் ஆகிய மூன்றும் குறைவாக வாய்த்தவர்களிடம் அச்சம் மிகுந்தும், மன உற்சாகமும் வாழ்க்கையில் திருப்தியும் குன்றியும் இருந்தன; அத்தகைய மாணாக்கர் துயிலெழுந்தவுடனும், உண்ணும்போதும், உறங்கப் போகுமுன்னும் ஃபேஸ்புக்கை மிகுதியாக நாடினர். எது காரணம், எது காரியம் என்பதை இவ்வகை ஆய்வு நிர்ணயிப்பதில்லை. ஆதலின் தனிமையுற்றவன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிவிட்டாலே அவன் சௌக்கியமடைவான் என்று கொள்வது அவசரம்.

சட்டத்தின் அநுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் என்னும் குறுங்காணொளிச் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்கும்படி பணித்து, அம்மாதம் 24 அன்று அத்தடையை நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசாங்கம், தேசப் பாதுகாப்பு என்னும் வேறு காரணத்தால், அச்செயலியை அறவே தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது; கடை மாறிற்றேயன்றிப் பண்டம் மாறவில்லை.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், மின்னணு விளையாட்டு அடிமைத்தனத்தை நோயாக ஏற்றதேயன்றிச் சமூக ஊடக அடிமைத்தனத்தை அவ்வாறு சேர்க்கவில்லை. எனினும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இத்தகைய அடிமைத்தனத்துக்கு ஆட்பட்டோருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் டெலி-மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.