சிடிசி டப்பாவும் காக்காவும்

போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது, வதோதராவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. 1998 ஜூலைப் பக்கத்தில் 'சிடிசி 2 லிட்டர்' என்று என் கையெழுத்து. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

சிடிசி என்றால் கார்பன் டெட்ராகுளோரைடு. துணியில் நனைத்துத் துடைத்தால் மோட்டார் காயிலின் எண்ணெய்ப் பிசுக்கு நொடியில் போகும். தீப்பிடிக்காது. வாசனையும் இனிப்பாக இருக்கும். பிரெஞ்சுக்காரர் ரென்யோ 1839-ல் தயாரித்த சரக்கு. பிறகு தீயணைப்பான், டிரைகிளீனிங் என்று எங்கும் புகுந்துவிட்டது. இதைவிடக் கூத்து, 1921-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் மாரிஸ் ஹால் கொக்கிப்புழுவுக்கு மருந்தாக நாய்களுக்குக் கொடுத்தார். தானும் குடித்துப் பார்த்தார்! பிஜித் தீவில் ஆயிரக்கணக்கானோருக்குப் புகட்டினார்கள். உலகில் பலருக்குப் புழு போனது, சிலருக்கு உயிரே போனது.

எங்கள் பட்டறையில் துடைக்கிறவர் காக்கா. (குஜராத்தியில் சித்தப்பா. பறவை அல்ல.) அன்று மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு நாள் முழுக்கத் துடைத்தார். மூன்றாம் நாள் கண் மஞ்சள். அப்புறம் சிறுநீர் நின்றே போனது. டாக்டர் "குடிப்பீர்களா?" என்று கேட்டார். மதுவிலக்கு மாநிலம், பக்கத்தில் காக்கி வேறு. "சேச்சே!" என்றார் காக்கா. காக்கியை வெளியே அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது. தினமும் ராத்திரி கால் பாட்டில்.

கல்லீரல் விஷத்தை முறிக்கும் என்று படித்திருப்போம். இங்கே தலைகீழ். அதிலுள்ள ஒரு நொதி சிடிசியை உடைக்கும்போது பிறக்கும் துண்டுதான் செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. தினமும் குடிப்பவர்களுக்கு அந்த நொதி அதிகம். அதே காற்றைச் சுவாசித்த எனக்குத் தலைவலியோடு போனது அதனால்தான் போலிருக்கிறது. டயாலிசிஸ் வராத காலத்தில் பலரைக் கடைசியில் கொன்றது கல்லீரல் அல்ல, சிறுநீரகம். காக்காவை மூன்று வார டயாலிசிஸ் மீட்டது.

அமெரிக்கா 1970-லேயே வீட்டுப் பொருட்களில் இதைத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் துடைக்கும் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது 2010-ல், அதுவும் ஓசோன் படலத்துக்காக, மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி. காக்காவின் கல்லீரலுக்காக அல்ல.

நோட்டைப் பார்த்த கையோடு காக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தது காக்கி. நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.