குருதியில் ஒளிந்த ஆறாம் வகை

பழைய மாணவர் ஒருவர் தஞ்சோங் ரம்புத்தானில் என் வீடு தேடி வந்து, மங்கிப்போன இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றைக் காட்டினார். “ஹெப்படைட்டிஸ் சி, வகை 1” என்றிருந்தது. வாரந்தோறும் ஊசி, 48 வாரம் என்றார்களாம். காய்ச்சல் தாங்காமல் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டாராம். “அந்த ஒன்று என்ன சார்?” என்றார். அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு.

ஈரலைத் தாக்கும் இக்கிருமியை 1989-இல் மைக்கேல் ஹௌட்டனும், சிங்கப்பூரில் பிறந்த சூ குய் லிம்மும், ஜார்ஜ் குவோவும் அமெரிக்காவில் கண்டறிந்தனர். (2020-இல் நோபல் பரிசு ஹௌட்டனுக்குக் கிடைத்தது, மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லை.) 1993-இல் பீட்டர் சிம்மண்ட்ஸ் குழுவினர் கிருமியை ஆறு பெருவகைகளாகப் பிரித்தனர். இன்று வகைகள் எட்டு. எட்டாவது, பஞ்சாபைச் சேர்ந்தோரின் இரத்தத்தில் காணப்பட்டு 2018-இல் வெளியாயிற்று.

வகை அறிவது அன்று வெறும் ஏட்டறிவன்று. இண்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் இரண்டாம், மூன்றாம் வகையினர்க்கு 24 வாரம் போதும். பத்தில் ஏறத்தாழ எண்மர் குணமடைவர். முதல் வகையினர்க்கு 48 வாரம், குணமடைவோர் பாதிப்பேரே.

சோதனைகள் பலவாயின. எதிர்ப்புப் பொருளைக் கொண்டு வகை சொல்லும் முறை மலிவானது. ஆனால் உடலின் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவரிடம் அது வாய் திறவாது. பெல்ஜியத்தில் செய்த பட்டைச் சோதனையோ கிருமியின் மரபுத் தொடரின் தொடக்கப் பகுதியை மட்டும் பார்த்தது. அப்பகுதி எல்லா வகைகளிலும் பெரும்பாலும் மாறாதிருப்பது. கிருமி உண்டா என அறிய அதுவே ஏற்றது. ஆனால் வகை பிரிக்க? ஒருவரை “அம்மா” என்று மட்டும் சொல்லச் செய்து, அவர் நெல்லையா தஞ்சையா என்று தீர்ப்பளிப்பது போன்றதே.

பிழை நேர்ந்த இடம் நம் பக்கமே. வியட்நாம், தாய்லாந்து, மியன்மார், தென்சீனம் ஆகிய நாடுகளில் வழங்கும் ஆறாம் வகையின் உட்பிரிவுகள் சிலவற்றில் அத்தொடக்கப் பகுதி முதல் வகையினதை ஒத்திருந்தது. ஆகவே ஆறு ஒன்றாக எழுதப்பட்டது. மரபுத் தொடரின் வேறு பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டபோதே குட்டு வெளிப்பட்டது. இத்தனைக்கும் ஆறாம் வகை அம்மருந்துக்கு முதல் வகையைவிட நன்றாகவே இணங்கியது. பின்வந்த பட்டையில் உட்கருப் பகுதியையும் சேர்த்தனர். பிழை வெகுவாகக் குறைந்தது.

மலேசியாவில் மூன்றாம் வகையே மிகுதி, அடுத்தது முதல் வகை. ஆறாம் வகை சிறிதே. ஆகவே மாணவரின் தாளில் உள்ள “1” பெரும்பாலும் மெய்யாகவே இருக்கலாம்.

2017 செப்டம்பரில் மலேசிய அரசு சொஃபோஸ்புவிர் மருந்தின் காப்புரிமையை மீறிப் பயன்படுத்தும் அரசுரிமையைக் கையாண்டு, விலை குறைந்த மருந்துக்கு வழி திறந்தது. அதனோடு சேர்த்துக் கொடுக்கும் ரவிடாஸ்விர் 2021-இல் இங்கே பதிவு பெற்றது. எல்லா வகைக்கும் பொதுவான மாத்திரைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைக்கிறது. அவற்றுக்கு முன்கூட்டியே வகை பார்க்கத் தேவையில்லை.

“ஊசி இல்லையா சார்?” என்று இருமுறை கேட்டார். இல்லை, மாத்திரைதான், பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வாரம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஈப்போவுக்கு எந்தப் பேருந்து காலையில் முதலில் புறப்படும் என்று விசாரித்தார்.