கீரிமலையில் மலை எங்கே?

மட்டக்களப்பிலிருந்து வந்து எங்களோடு கம்பஸில் படிக்கிற நண்பன் ஒருவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இது எங்க மச்சான், தாய்லாந்தா?" என்று கேட்டான். ட்ரோனில் எடுத்தது. நீலக் கடல், வெள்ளைக் கல் விளிம்பு, அதுக்குள்ள கை அகலத்துக்கு ஒரு மணல் திட்டு. மேலே "ஒளிந்திருக்கும் கடற்கரை" என்று எழுத்து ஓடுது. நான் பார்த்த உடனே சிரிச்சிட்டன். அது கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கரை. கம்பஸிலிருந்து மோட்டச்சைக்கிளில் போனால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது.

அடுத்த சனிக்கிழமையே இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். இறங்கின உடனே அவன் கேட்ட முதல் கேள்வி: "கீரிமலை எண்டியே, மலை எங்க?"

நியாயமான கேள்விதான். ட்ரோன்காரர் செங்குத்துப் பாறை மாதிரிக் காட்டின இடம் உண்மையில் ஆளுயரம், சில இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் முழுக்கத் தட்டையான யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வடகரை மட்டும் கொஞ்சம் தலை நிமிர்ந்து நிற்குது. அந்தக் கொஞ்ச உயரத்தையே எங்கட முன்னோர் மலை என்று சொல்லிவிட்டார்கள். வேறு மலை இருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க!

இந்தக் கல்லைப் பற்றிக் கட்டாயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கோடி வருசக் கணக்கில் முந்தி, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் சங்கும் முருகையும் படிந்து இறுகி உண்டானது. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் இதே கல்தான் ஓடுது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மெதுமெதுவாகக் கரைக்கும். அதனால் உள்ளே முழுக்க வெடிப்பு, பொந்து, குகை. ஆறு இல்லாத குடாநாட்டில் (மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கியாற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால்) பெய்கிற மழை அந்த வெடிப்புகளால் கீழே இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலம் மாதிரி மிதந்துகொண்டு நிற்குது. எங்கட கிணறு, தோட்டம், புகையிலை, வெங்காயம் எல்லாம் அந்த மிதக்கிற நன்னீரை நம்பித்தான். கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுறதுக்கும் காரணம் இதுதான். நிலத்துக்கடியில் கடலை நோக்கிப் போகிற நன்னீர் கரையில் வாய் திறக்குது.

நண்பன் கேணியில் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தான். பிறகு நாலு அடி தள்ளிப் போய்க் கடலையும் நக்கிப் பார்த்தான். பக்கத்தில் குளிச்சுக்கொண்டு நின்ற ஐயா ஒருவர், "தம்பி, ஆடி அமாவாசைக்கு வந்திருந்தா உனக்கு நிக்கவே இடமிருக்காது" என்றார். தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்கு இங்கே வந்துதான் பிதிர்க்கடன் செய்வார்கள்.

இந்தக் கரையின் கதைகள் எல்லாமே கடலால் வந்தவர்களைப் பற்றினவை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்த நீரில் குளித்து முகம் மாறினாள். அதனால்தான் மாவிட்டபுரம், மா என்றால் குதிரை. அவள் கட்டின கோயிலுக்குக் காங்கேயனின் சிலை வந்து இறங்கின துறை காங்கேசன்துறை. கீரிமுகம் நீங்கின நகுல முனிவரால் கீரிமலை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதின யாழ்ப்பாண வைபவமாலையிலும் இந்த இளவரசியின் கதை இருக்குது. வரலாறு படிக்கிற எங்களுக்கு முதல் வருசமே ஐதீகத்தையும் ஆதாரத்தையும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். பிரிச்சுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுது: இது வாசல். ஊருக்குள் என்ன வந்தாலும் இந்தக் கல் விளிம்பில் கால் வைச்சுத்தான் வந்திருக்குது.

கொஞ்சம் மேற்கே, மாதகல் பக்கம் சம்பில்துறை. மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளத் துறைமுகம் இதுதான் என்பது பொதுவான கருத்து. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இறங்கினது அங்கே என்கிறது அந்த நூல். இப்போது கடற்படை கட்டின விகாரை இருக்குது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வருது. எங்களில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. போனாலும் முறைச்சுப் பார்த்துவிட்டு வாறது. என்ர அபிப்பிராயம் வேறு. கந்தரோடையில் நூறு வருசத்துக்கு முந்தி போல் பீரிஸ் ஆராய்ந்த சின்னச் சின்னத் தாதுகோபங்கள் இதே சுண்ணாம்புக்கல்லிலும் முருகைக்கல்லிலும் செய்தவைதான். தமிழர் பௌத்தராகவும் இருந்த காலத்தை நாங்கள் கைகழுவிவிட்டால், அதை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தங்களுக்கு மட்டும் சொந்தம் என்பார்கள். அதற்காக இன்றைக்கு ஒருவருடைய உறுதிக்காணியில் விகாரை கட்டுவதை ஏற்க வேண்டும் என்றில்லை. தையிட்டியில் காணிக்காரர்கள் போயா நாட்களில் போய் நின்று போராடுவது அதற்காகத்தான். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின துறைமுகமும் இன்றைக்கு ஒருவர் கையிலிருக்கிற காணி உறுதியும் ஒரே விசயமில்லை. இரண்டையும் குழப்புறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கினம்.

போர்த்துக்கேயர் நகுலேஸ்வரத்தை இடித்ததும், ஆறுமுக நாவலரின் முயற்சிக்குப் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது திரும்ப எழும்பினதும் பலருக்கும் தெரிந்த கதை. அதை விடுகிறேன். எனக்குப் பெரிதாகப் படுகிறது அதுக்குப் பிறகு வந்த கோயில். சீமெந்துத் தொழிற்சாலையைத்தான் சொல்லுறன்.

1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் பாதை முழுமையானது. துறைமுகம் ஏற்கெனவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஜீ.ஜீ.பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், இங்கே சீமெந்து உற்பத்தி தொடங்கினது. கணக்கு எளிமையானது: கல் காலடியில், களிமண் முருங்கனிலிருந்து ரயிலில், சீமெந்து ரயிலிலும் கப்பலிலும் வெளியே. ஊர்ப் பெடியளுக்கு மாதச் சம்பளம், குவாட்டஸ், ஓவர்டைம். வலிகாமம் வடக்கின் ஒரு தலைமுறையே அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழும்பினது. புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாடு தன் பாலங்களையும் பள்ளிக்கூடங்களையும் கட்டினதில் இந்தக் கரையின் கல்லுக்கும் பங்கு இருக்குது. தெற்கில் இருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்களில்தான் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இனிப்பு மட்டும் சொல்லக் கூடாது. கல்லைத் தோண்டினால் குழி வரும். தோண்டித் தோண்டி நீர்மட்டத்துக்குக் கீழே போனார்கள். அந்தக் குழிகள் இன்றைக்குப் பச்சை நிறத்தில் குளம் மாதிரித் தண்ணீர் நிற்கிற பள்ளங்கள். அதையும் யாரோ ட்ரோனில் எடுத்து "மறைந்திருக்கும் ஏரி" என்று போடத்தான் போகிறார்கள். முன்னம் சொன்ன அந்த மிதக்கிற நன்னீர்ப் படலத்தை நினையுங்கள். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்தக் கல். கரையோரத்தில் கல்லை அகற்றினால், அல்லது நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைச்சால், கீழே இருக்கிற உப்பு மேலே வரும். வந்தபிறகு அதைத் திருப்பி அனுப்புறது லேசில்லை. காங்கேசன்துறையில் கைத்தொழில் வலயம் என்று இப்போது திரும்பவும் கதைக்கினம். வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, பட்டம் முடிச்சு வேலை தேடப் போகிறவன் நானும்தான். எந்த ஆழம் வரைக்கும், யாருடைய கிணற்றைக் கேட்டு என்பதுதான் என்ர கேள்வி.

தொழிற்சாலை 1990இல் நின்றது. அதே வருசம் ஆனியில் சனம் எழும்பினது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தையிட்டி, ஊறணி... ஊர் ஊராக. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனவர்களில் என்ர அம்மம்மாவும் ஒருத்தி. உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வந்தது. இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாயிருந்த மயிலிட்டி 2017 ஆடியில்தான் விடுபட்டது. 27 வருசம்.

அந்த வீடியோவில் இருந்த சொல் அதனால்தான் எனக்கு உறைச்சது. "ஒளிந்திருக்கும்" கடற்கரை. அது ஒளியேல்லை. முள்ளுக்கம்பிக்குப் பின்னால் வைச்சிருந்தவை. என்ர வயதுக்காரர் பலருக்குச் சின்ன வயதில் இந்தக் கடல் ஒரு கேள்விப்பட்ட கதை. ரயில் 2015 தையில்தான் திரும்பக் காங்கேசன்துறைக்கு வந்தது. நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023 ஐப்பசியில் தொடங்கினது. யுத்தம் முடிந்தபிறகு கட்டின ஜனாதிபதி மாளிகை ஒன்று கடலைப் பார்த்தபடி கிடக்குது. இராணுவம் நடத்துகிற விடுதியில் அறை எடுத்தால் நல்ல மணலில் காலை நடை போகலாம். காசு கொடுத்தால் போகலாம். அந்த மணலுக்குப் பின்னால் காணி வைச்சிருந்தவர் வேலிக்கு வெளியே நிற்கவேண்டியதாயிருக்குது.

நேரம் இருந்தால் அப்படியே கிழக்கே வல்வெட்டித்துறை வரைக்கும் போங்கள். அங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை ஆட்களே மாலுமிகளாகப் போய், 1938இல் மசாசுசெட்ஸ் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

நாங்கள் வல்வெட்டித்துறைக்குப் போகேல்லை. மயிலிட்டியில் அம்மம்மாவின் காணிக்குப் போனோம். விடுபட்ட வருசம் அவ முதல் தடவை வந்தபோது நானும் கூடப் போனன். வீடு இல்லை. மதில் இல்லை, ஒழுங்கை இல்லை, அடையாளத்துக்கு ஒரு பனைகூட இல்லை. பற்றை மட்டும். உறுதியைக் கையில் வைச்சுக்கொண்டு எல்லோரும் முழிச்சுக்கொண்டு நிற்க, அம்மம்மா கிணற்றைத் தேடினா. கண்டுபிடிச்சா. வீட்டை இடிக்கலாம். கல்லில் வெட்டின கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக ஏலாதுதானே. வாய்க்கட்டில் தகப்பன் பதித்த ஒரு சங்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றா. அதிலிருந்து இத்தனை அடி அடுப்படி, இத்தனை அடி வாசல் என்று நடந்து நடந்து காட்டினா. பக்கத்துக் காணிக்காரரும் தங்கட தங்கட கிணற்றை வைச்சுத்தான் எல்லை பிடிச்சவை. வரலாற்றுப் பாடத்தில் முதன்மை ஆதாரம் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வரும்.

இந்த முறை நண்பன் கிணற்றுக் கட்டில் குனிந்து பார்த்தான். உள்ளே கல்லில் சிப்பியின் அச்சு வரிவரியாகத் தெரியுது. தண்ணீர் எட்டடிக்குக் கீழே. கயிறும் வாளியும் நாங்கள் கொண்டுபோகவில்லை. வழியில் வாங்கின பிளாஸ்டிக் போத்தலைச் சணல் கயிற்றில் கட்டி இறக்கி அள்ளினோம். அவன் குடிச்சுப் பார்த்து, "கேணியை விடக் கொஞ்சம் உப்பு" என்றான்.

மிச்சத் தண்ணீரை அம்மம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன். ஒரு மிடறு குடிச்சா. கன நேரம் ஒன்றும் சொல்லேல்லை. பிறகு, "முந்தி இந்தளவுக்கு உவர்ப்பில்லை, இறைக்காமக் கிடந்ததாலயோ தெரியாது, அடுத்த முறை போகேக்க வாளி கொண்டு போய் நல்லா இறைச்சுப்போட்டு அள்ளிக்கொண்டு வா" என்றா.