தந்தி சொன்ன துக்கமும் சொல்லாத துக்கமும்

தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று மக்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், ஊரிலிருந்து வந்த தந்தியைக் கிராணியார் படித்து முடிக்கும் முன்பே லயத்துப் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கிவிடுவர். அழுகை முந்திக்கொள்ளும், மனம் பின்னால்தான் வரும். அந்த மனம் எதை நினைக்கிறது என்று கேட்பது நாகரிகமன்று என்பது பழைய உலகின் எண்ணம். சிறுகதை இலக்கியமோ அதைக் கேட்கத் துணிந்தது.

அமெரிக்க எழுத்தாளர் கேட் சோபின் 1894ஆம் ஆண்டில் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை' அவ்வாறு துணிந்த படைப்புகளுள் ஒன்று. இரயில் விபத்தில் கணவன் மாண்டான் என்ற செய்தி, இதய நோயாளியான மனைவிக்குப் பக்குவமாகத் தெரிவிக்கப்படுகிறது. அவள் கதறுகிறாள்; பின்னர்த் தனியறைக்குச் சென்று சன்னலருகே அமர்கிறாள். வெளியே வசந்த காலம். இனி வரும் நாள்கள் தனக்கே உரியவை என்ற உணர்வு அவளை மெல்ல ஆட்கொள்கிறது. கணவன் கொடியவன் அல்லன் என்பது இங்கு நோக்கத்தக்கது. அவன் அன்பு காட்டியவனே. அவளும் சில வேளைகளில் அவனை நேசித்தவளே. அவன் கொடியவனாயிருந்தால் கதை எளிதாகியிருக்கும். இறுதியில் விபத்தில் சிக்காத கணவன் உயிரோடு வாயிலில் வந்து நிற்க, அவள் இறந்து விழுகிறாள். மகிழ்ச்சி மிகுதியால் இறந்தாள் என்கின்றனர் மருத்துவர்கள். சோபினின் தந்தை 1855இல் இரயில் பாலம் இடிந்த விபத்தில் இறந்தவர். சோபினும் 1882இல் கணவரை இழந்தவர். ஆகவே கைம்மை அவருக்கு ஏட்டறிவு அன்று.

தமிழில் இக்கதைக்கு அருகில் வைத்துப் படிக்கத்தக்கது கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?'. 1902இல் கும்பகோணத்தில் பிறந்து 1944இல் மறைந்த அவர், மணிக்கொடி எழுத்தாளர்களுள் பெண் மனத்தை மிக நுட்பமாக எழுதியவர். இக்கதையும் தந்தியில்தான் தொடங்குகிறது. கணவன் அபாய நிலையில் இருப்பதாகச் சென்னை மருத்துவமனையிலிருந்து செய்தி வருகிறது. பிறந்த வீட்டிலிருந்த குஞ்சம்மாள் தம்பியுடன் இரவு இரயிலில் புறப்படுகிறாள். கதையின் பெரும்பகுதி அந்த இரவே. இருப்பாரா, இல்லையா என்று அறியாத நிலையில், தமக்கையின் முகத்தில் தோன்றி மறைவனவற்றைத் தம்பி பார்த்துக்கொண்டே வருகிறான். சென்று சேரும்போது கணவன் இறந்துவிட்டான், பொழுது விடிகிறது. அந்த விடியல் ஐயம் தீர்ந்த அமைதியா, அதனினும் ஆழமான ஒரு விடுதலையா என்பதை ஆசிரியர் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் வகுப்பறைக்கு வசதியாயிருக்கும், கதை கெட்டிருக்கும்.

இரு கதைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. கணவனின் மரணத்தைத் தவிர வேறு வாயில் அப்பெண்களுக்குத் தென்படவில்லை. கு.ப.ரா. காலத்து இந்துப் பெண்ணுக்குச் சட்டம் தந்திருந்தது என்ன? 1856இல் வந்த சட்டம் கைம்பெண் மறுமணத்தை ஏற்றது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் சொத்தில் அவளுக்கு ஆயுட்கால உரிமை மட்டும் வழங்கியது. இரண்டும் கணவன் இறந்த பின்னர்ப் பேசுபவை. அவன் வாழும்போதே மணத்தை முறிக்கும் உரிமை சென்னை மாகாணத்தில் 1949இலும், இந்தியா முழுமைக்கும் 1955இலும்தான் சட்டமாயிற்று. கு.ப.ரா. அதைக் காண உயிரோடு இல்லை. எனவே குஞ்சம்மாளின் மனத்தில் ஒரு நிம்மதி தோன்றிற்றென்றால் அவளை நெஞ்சற்றவள் என்று மாணவர் தீர்ப்பளிக்கும் முன், அவளுக்கு அடைத்திருந்த கதவுகளை ஆசிரியர் எண்ணிக் காட்டுவது கடமை. அவளுக்கு முன்னால் இருந்ததும் கைம்மைக் கோலமே என்பதையும் உடன் சொல்லவேண்டும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான பொதுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

சோபின் கதையில் செய்தி பொய். கு.ப.ரா. கதையில் செய்தி மெய். மலாயாத் தோட்டங்களின் வரலாற்றிலோ செய்தியே வராத துக்கம் ஒன்று உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்று குவித்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அக்கொடுமையைப் பதிவு செய்துள்ளன. போனவன் செத்தானா, இருக்கிறானா என்று சொல்ல எந்தத் தந்தியும் லயத்துக்கு வரவில்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? கழற்றினால் உயிரோடு இருப்பவனைக் கொன்ற பழி. வைத்துக்கொண்டால் இல்லாதவனுக்கு மனைவி. மறுமணம் செய்துகொண்டவளும் வாசலில் நிழலாடும்போதெல்லாம் திடுக்கிட்டிருக்கவேண்டும். சோபின் ஒரு மணி நேரத்தில் அடக்கியதையும் கு.ப.ரா. ஓர் இரவில் அடக்கியதையும் இப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்தனர்; மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டவும் சென்றனர்.